ஆயிரத்து ஐந்நூறு லீற்றர் கடல்

வெருகலில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்விறாந்தையில் எட்டடி நீளமான ஒரு மரப்பெட்டி கிடக்கிறது. இப்போது அதற்குள் பக்கத்து வீட்டாரின் நெல் மூடைகள் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நெற்பெட்டிக்கு எதற்குக் கண்ணாடி யன்னல் என்று கேட்பதுண்டு. நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் அது ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் முடிகிற கதையல்ல. இங்கேயாவது அதை முழுதாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் மூதூரைச் சேர்ந்தவன். ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறி நியமனங்கள் பல கண்டு, கடைசியில் வெருகல் பக்கத்துச் சிறிய பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். முன்பென்றால் இந்தக் கரையோர வீதியில் ஆறுகளைப் 'பாதை'யில் ஏறிக் கடக்க வேண்டும். 2011 இல் பாலங்கள் வந்த பிறகு மோட்டார் சைக்கிளில் வந்து போகலாம். என்றாலும் கிழமை நாட்களில் இங்கேயே தங்கிவிடுவது என் வழக்கம். மகாவலியின் கிளையான வெருகலாறு கடலில் கலக்கும் இடம் இது. காற்று மாறினால் வகுப்பறைக்குள் கடல் மணக்கும்.

2019 இல் ஒரு நாள் ஆறாம் தரப் பிள்ளைகளிடம் முருகைக்கல்லை வரையச் சொன்னேன். எல்லோரும் வெள்ளைக் கல் வரைந்தார்கள். சிலர் அதற்குப் பக்கத்தில் சூளையும் வரைந்திருந்தார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். முருகைக்கல் கல்லே அல்ல, அது சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகக் கட்டிய வீடு, கல்லைப்போல் தெரிவது அவற்றின் எலும்புக்கூடு என்று விளக்கினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "அப்ப ஒடைக்கக்குள்ள அதுக்கு நோவுமா சேர்?" என்று கேட்டாள். அதற்கு மூளை கிடையாது, நரம்புவலை மட்டுமே உண்டு, ஆகவே நாம் நினைக்கிற மாதிரி நோகாது என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்வி என்னை உறுத்தியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. என் மூத்தாப்பா சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவர். நான் பிறந்த வீட்டின் சுவர் முருகைக்கல், பூச்சு முருகைச் சுண்ணாம்பு. பெருநாளுக்கு முன் வெள்ளையடிப்பதும் அதே சுண்ணாம்பால்தான். கல்சியம் காபனேற்றைச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும் என்று பின்னாளில் கரும்பலகையில் எழுதியபோதெல்லாம், எனக்குள் அந்தச் சூளையின் புகைதான் எழுந்து வரும். 1981 இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988 இல் அதற்கு வந்த திருத்தமும் கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்தன. மூத்தாப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அது கல், கூலி, எங்கள் வயிற்றுப்பாடு. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கே பெரலியவில் ஆய்வு செய்தவர்கள், முருகைக்கல் அகழப்பட்ட இடத்தில் அலை வெகுதூரம் ஊருக்குள் புகுந்ததையும், பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவைப் பக்கத்தில் அது வெகுவாக அடங்கியிருந்ததையும் எழுதினார்கள். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது நான் வெருகலில் அகப்பட்டுக்கொண்டேன். மூதூர் போக வழியில்லை. பள்ளிக்கூடம் மூடிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் பைபர் போட் திருத்துகிறவர். அவர் வீட்டில்தான் என் சாப்பாடு. மாலை நேரங்களில் அவருடைய கொட்டிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த எண்ணம் தோன்றியது. பிள்ளைகளைக் கடலடிக்குக் கூட்டிப்போக முடியாது. கடலடியில் ஒரு துண்டை மேலே கொண்டு வந்தால் என்ன?

பெரிய கண்ணாடித் தொட்டி வாங்க என் சம்பளம் இடம் கொடாது. பிளைவூட் பலகையால் பெட்டி கட்டி, முன்பக்கத்தில் மட்டும் கண்ணாடி வைத்து மீன் வளர்க்கிறவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள் என்று வாசித்திருந்தேன். அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "கடல் உள்ளுக்க வராம இருக்கத்தான் மாஸ்டர் நாங்க பைபர் அடிக்கிற. நீங்க கடல் வெளிய போகாம அடிக்கப் போறீங்க. வேலை ஒண்டுதான், பக்கம்தான் மாறுது" என்றார். அந்த வார்த்தையிலேயே வேலை தொடங்கிவிட்டது.

எட்டுக்கு நாலடிப் பலகை மூன்று போதுமாயிருந்தது. முக்கால் அங்குலத் தடிப்பு. எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம். நீர் இருபத்தேழு அங்குலம் வரை நிற்கும். கணக்குப் போட்டால் 1,500 லீற்றருக்குச் சற்று மேல், ஒன்றரைத் தொன் பாரம். முன்சுவரை மட்டும் நீர் தள்ளும் விசை ஏறத்தாழ 590 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். இதில் ஒரு விந்தை உண்டு. அந்த விசை நீரின் ஆழத்தையும் சுவரின் நீளத்தையும் பொறுத்ததே தவிர, சுவருக்குப் பின்னால் நீர் எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. பெட்டிக்குப் பின்னால் வங்காள விரிகுடா முழுவதும் நின்றாலும், ஆழம் இருபத்தேழு அங்குலமென்றால், அலையில்லாத நீர் அந்தப் பலகையைத் தள்ளுவது அதே 590 கிலோதான். பல வருடம் அமுக்கம் படிப்பித்த எனக்கே, பலகையில் கை வைத்து நின்றபோதுதான் அது உண்மையாகப் பட்டது.

கண்ணாடி பன்னிரண்டு மில்லிமீற்றர். அதை வெளியே ஒட்டக்கூடாது, உள்ளே வைத்து ஒட்ட வேண்டும். அப்போது நீரே கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். பைபர் அடிப்பதில் அண்ணன்தான் எனக்கு ஆசிரியர். செங்கோண மூலையில் பைபர் விரிப்பு மடங்காது, அடியில் காற்று நிற்கும், நீர் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும். ஆகவே ரெசினில் மரத்தூள் குழைத்து மூலையை விரலால் வளைவாக்கிய பிறகே விரிப்பை ஒட்ட வேண்டும். நான் அவசரப்பட்டு ஒரு மூலையை விட்டுவிட்டேன். முதல் நாள் நீர் நிரப்பிய இரவே அந்த மூலை கசிந்தது. முழுவதையும் இறைத்து, காயவைத்து, சுரண்டி, மறுபடி அடித்தோம். ரெசின் மணம் போகும்வரை நல்ல தண்ணீரை நிரப்புவதும் இறைப்பதுமாக நாலு கிழமை கழிந்தது.

அந்த நாட்களில்தான் நாங்கள் இருவரும் 2006 ஐப் பற்றிப் பேசினோம். நாங்கள் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்தோம். அவர்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் போனார்கள். ஒரே வருடம், ஒரே சண்டை, வேறுவேறு திசைகள். அயல்வீட்டில் இருந்தும் அதுவரை அதைப் பற்றி நாங்கள் வாய் திறந்ததில்லை. கையில் வேலை இருக்கும்போது சில பேச்சுக்கள் எளிதாகி விடுகின்றன. அவர் சொன்னதை அவருடைய அனுமதியின்றி இங்கு எழுதுவதற்கில்லை.

கடல்நீரை லேண்ட்மாஸ்டரில் ஏற்றி வந்தோம். இருபது லீற்றர் கான்களில் எழுபத்தைந்துக்கு மேல். பள்ளிக்கூடத்து நீரமானியால் அளந்து பார்த்தால் முகத்துவாரத்துக்கு அருகில் நீர் மிகவும் மென்மையாக இருந்தது. ஆற்றிலிருந்து வெகுதூரம் தள்ளிப்போன பிறகுதான் 1.025 என்ற தன்னீர்ப்பு கிடைத்தது. மாரியில் ஆறு பெருகினால் அதுவும் கிடைக்காது. முருகைப் பாறைகள் ஏன் பெரிய ஆற்றுவாய்களை விட்டு ஒதுங்கியே வளர்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

உள்ளே அடுக்கப் பாறை வேண்டும். முருகைக்கல்லை எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். சீமெந்து, மணல், நொறுக்கிய சிப்பி, கல்லுப்பு ஆகியவற்றைக் கலந்து ஈர மணற் குழிகளில் வார்த்து நானே பாறை செய்தேன். உப்பு நீரில் கரைந்து போக, பாறையில் பொந்துகள் மிஞ்சும். சீமெந்தின் காரம் இறங்கப் பல கிழமை ஊறவைக்க வேண்டும். பிறகு ஒரு கைப்பிடி கடல்மணலும் ஓர் இறால் துண்டும் போட்டு, வெறும் நீரைப் பார்த்துக்கொண்டு ஆறு கிழமை காத்திருந்தேன். இறால் அழுகி அமோனியா வரும். ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். இந்தச் சங்கிலி முழுமையாகுமுன் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே செத்துப்போகும். அண்ணனின் தாயார் தினமும் வந்து பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லாத தண்ணிக்கு இவ்வளவு பாடா தம்பி" என்பார்.

கடலை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆசை எனக்கு மட்டும் வந்ததல்ல. சென்னை மெரீனாவில் 1909 இலேயே மக்கள் பார்வைக்கென ஒரு மீன்காட்சியகம் இருந்தது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், பெரிய இயந்திரம் எதுவுமின்றி, உயிருள்ள பாறையையும் சூரிய ஒளியையும் சிறு காற்றுக் குமிழியையும் மட்டும் கொண்டு முருகை உயிர்களைத் தொட்டியில் வாழவைத்த முறையை 1961 இல் உலகுக்கு எழுதினார். அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987 இல் 25 இலட்சம் லீற்றர் கொள்ளும் முருகைத் தொட்டியையே திறந்தார்கள். லீ சின் எங்கின் வழிதான் என் பணப்பைக்குச் சரிப்பட்டது. விறாந்தைக் கூரையில் ஓட்டைக் கழற்றி ஒளிபுகும் தகடு போட்டேன்.

கரைவலையில் வந்து வீசப்படும் சிறு மீன்கள், துறவி நண்டுகள், நத்தைகள் என்று தொட்டி மெல்ல நிறைந்தது. பள்ளிக்கூடம் திறப்பதும் மூடுவதுமாக இருந்த அந்தக் காலத்தில் பிள்ளைகள் முகக்கவசத்தோடு இரண்டிரண்டு பேராக வந்து கண்ணாடி முன் குந்தியிருப்பார்கள். அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டி வந்திராது.

2021 பெப்ரவரியில் என் பழைய மாணவன் ஒருவன், தொழிலுக்குப் போய் வந்த கையோடு, வாளியில் ஒன்றைக் கொண்டு வந்தான். மான்கொம்புபோல் கிளைவிட்ட முருகைத் துண்டு. கையளவு. வலையில் சிக்கி உடைந்து வந்திருந்தது. உயிரோடிருந்தது. "சேருக்கெண்டு கவனமாக் கொண்டு வந்த" என்றான். அதை அவனோடு போய்க் கடலில் விட்டிருக்க வேண்டும். வன்முருகைகள் சட்டத்தால் காக்கப்படுபவை என்று எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். எப்படியும் உடைந்ததுதானே, பிள்ளைகளுக்குப் பாடமாகுமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு அது வேண்டியிருந்தது. சீமெந்துப் பாறையின் உச்சியில், ஒளி நன்றாக விழும் இடத்தில் அதை வைத்தேன்.

அது வாழ்ந்தது. இரவில் ரோர்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு துளையிலிருந்தும் கைகளை நீட்டி நிற்கும். அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்ணிய அல்காக்கள்தான் பகலில் ஒளியைக் கொண்டு அதற்குச் சோறாக்கிக் கொடுக்கின்றன. எலும்பு வளர்க்க அதற்குக் கல்சியம் வேண்டும். சுவிற்சர்லாந்தின் பீற்றர் வில்கென்ஸ் என்பவர் 1970களில் பரப்பிய வழி, தெளிந்த சுண்ணாம்பு நீரை இரவில் துளித்துளியாக விடுவது. கடையில் வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, சேலைன் குழாய் ஒன்றால் சொட்டவிட்டேன். மூத்தாப்பா முருகையைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார். நான் சுண்ணாம்பைக் கரைத்து முருகைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் துளிகளைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்த இரவுகள் உண்டு. ஏதோ கடனை அடைப்பதுபோல் ஒரு நிம்மதி. ஒரு வருடத்தில் கிளைகளின் நுனியில் இரண்டு விரற்கடை அளவு புதிய வெள்ளை வளர்ச்சி. நோவுமா என்று கேட்ட அந்தப் பிள்ளை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் குறித்து வந்தாள்.

பிறகு 2022 வந்தது. அந்த வருடம் நாடு பட்ட பாட்டை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் முழுவதும் மின்வெட்டு நீண்டுகொண்டே போய், 31 ஆம் திகதி பதின்மூன்று மணித்தியாலத்தைத் தொட்டது. பெற்றோல் வரிசையில் இரவு பகலாக மனிதர்கள் நிற்கும்போது மீன்தொட்டிக்கு ஜெனரேற்றர் என்று வாய் திறக்கவே வெட்கமாக இருந்தது. மின்விசிறி ஓடினால் நீர் ஆவியாகித் தொட்டி இரண்டு மூன்று பாகை குளிரும். விசிறி நின்றால், பங்குனி வெயிலில் மாலையாகும்போது வெப்பமானி 33 பாகையைக் காட்டும். சூடான நீரில் ஒட்சிசனும் குறைவு. பிள்ளைகள் முறைவைத்து வந்து சிரட்டையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றேற்றினார்கள். சில வீடுகளில் ஒரு நேரம்தான் அடுப்பெரிந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து ஊற்றினார்கள்.

ஏப்ரல் முதற் கிழமை, நோன்பு தொடங்கியிருந்த நேரம், மீன்களையும் நண்டுகளையும் கடலில் விட்டுவிட முடிவு செய்தேன். சைக்கிள்களில் வாளிகளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பிடித்த கடற்கரையிலேயே கொண்டுபோய் விட்டோம். முருகையை மட்டும் விடவில்லை. அண்ணன் போட்டில் கொண்டுபோய்க் கல்லுப் பக்கம் இறக்கிவிடலாம் என்று கேட்டார். அவரிடம் மிச்சமிருந்த கொஞ்ச மண்ணெண்ணெயை அதற்குச் செலவழிக்க விடக்கூடாது என்று மறுத்தேன். அது பாதி உண்மை. மறுபாதி, ஒரு வருடமும் இரண்டு மாதமும் என் கையால் வளர்ந்ததை இழக்க மனம் வரவில்லை. மின்சாரம் சரிவந்துவிடும், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன்.

மூன்றாம் நாள் ஸஹருக்கு எழும்பி ரோர்ச் அடித்துப் பார்த்தேன். கைகள் ஒன்றும் நீட்டியிருக்கவில்லை. பொழுது விடிந்தபோது அது மண்ணிறம் வெளிறிச் சுண்ணாம்பு வெள்ளையாகியிருந்தது. வெப்பம் கூடினால் முருகை தனக்குள் குடியிருக்கும் அல்காக்களை வெளியே தள்ளிவிடும். அந்த வெள்ளை சாவல்ல, பட்டினி. குளிர்ந்தால் சில வேளை பிழைக்கலாம். நீர் குளிரவில்லை. அடுத்த நாள் தசை சளிபோலக் கரைந்து கிளைகளிலிருந்து வழிந்தது. மணம் வீடு முழுக்கப் பரவியது. அந்தப் பிள்ளை வந்து கண்ணாடி முன் நின்றாள். இம்முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூளை, நரம்புவலை என்றெல்லாம் சொல்லியிருக்க என்னால் முடிந்திராது.

பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பின் முன் நின்று, அதை நான் வைத்திருந்தது பிழை, சட்டத்துக்கும் பிழை, அதற்கும் பிழை, விடச் சொன்னபோது விடாதது எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை என்று சொன்னேன். பாடம் நடத்துவதைவிட அது சிரமமாக இருந்தது. நம் கையில் உள்ள எதுவும் அமானிதம் என்று வாப்பா அடிக்கடி சொல்வார். எனக்கு அதன் கனம் அன்றுதான் தெரிந்தது. எலும்புக்கூட்டை விஞ்ஞானக் கூடத்தில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. அண்ணன் அடுத்த தடவை தொழிலுக்குப் போனபோது அதைக் கொண்டுபோய்க் கடலில் போட்டார்.

நிலாவெளிக்கு அப்பால் புறாமலையை 1963 இல் சரணாலயமாக்கி, 2003 இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். எங்களுக்குத் தெற்கே காயான்கேணிப் பாறையை 2019 இல் கடற்சரணாலயமாக்கினார்கள். 1998 இல் கடல் சூடாகித் தெற்கிலும் மேற்கிலும் பாறைகள் பெருமளவில் வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் தப்பின. ஆனால் உலகளாவிய வெளிறல் நான்காம் தடவையாக நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது, சிரட்டையால் நீர் ஊற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கைகள்தான் நினைவுக்கு வந்தன. பெட்டியிலிருந்து கொண்டுபோய் விடுவதற்கு எங்களுக்கு ஒரு கடல் இருந்தது.

பெட்டியை உடைக்கலாம் என்று இருந்தேன். அண்ணன்தான், "நல்ல பெட்டி மாஸ்டர், எலி போகாது" என்று நெல்லைப் போட்டு வைத்தார். கசியாத பெட்டி என்பதில் எங்கள் இருவருக்கும் இன்றும் சிறு பெருமை உண்டு.

போன கிழமை அந்த மாணவனைக் கடற்கரையில் கண்டேன். வலை கழித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, "நேத்தும் ஒரு துண்டு வலையில வந்த சேர். உயிரோட. அந்த இடத்திலயே தண்ணிக்குள்ள விட்டுட்டன்" என்றான். பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "தெரியா" என்றான், மறுபடி குனிந்து வலையைக் கழிக்கத் தொடங்கினான்.